வெளிநாட்டுப் பிள்ளைக்குச் சென்னையில் ஒரு நாள்: மாமல்லபுரமா, பாரிமுனையா, மயிலாப்பூரா?

மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஜெர்மனியிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று வீட்டில் தங்க வருகிறது. அல்லது கனடாவில் வளரும் அக்கா மகள் தன் தோழியையும் கூட்டிக்கொண்டு வருகிறாள். உடனே வீட்டில் ஒரு பட்டியல் தயாராகிவிடும். விடியலில் மாமல்லபுரம், வரும் வழியில் முதலைப் பண்ணை, மதியம் தட்சிணசித்ரா, சாயங்காலம் மெரினா, ராத்திரி தி.நகர். ஒரே நாள், ஒரே கார். நாலு மணிக்குப் பார்த்தால் அந்தப் பிள்ளை பின்சீட்டில் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருக்கும். முன்சீட்டில் இருக்கும் பெரியப்பா மட்டும் விளக்கிக்கொண்டே வருவார்.

பட்டியலில் உள்ள எந்த இடமும் மோசமில்லை. பிசகு எங்கே என்றால், அந்த நாள் முழுக்க விருந்தாளிக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. இந்த வயதுக்கு ஊரைப் பார்ப்பதைவிட ஊரில் எதையாவது தானே செய்வதுதான் நினைவில் நிற்கும்: கவுன்ட்டரில் டிக்கெட் வாங்குவது, கடைக்காரரிடம் விலை கேட்பது, மண்ணில் கை வைப்பது, அலையில் விழுந்து எழுவது. சென்னையில் ஒரு நாளுக்கு நியாயமாக மூன்று திட்டங்கள் உண்டு. இந்த அளவுகோலை வைத்துத்தான் மூன்றையும் பார்க்கிறோம்.

அதற்கு முன்னால் கடிகாரம். ஜெர்மனி கோடையில் நம்மைவிட மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்தங்கியது. விடியற்காலை 5 மணிக்கு எழுப்பினால் அந்த உடம்புக்கு அது நள்ளிரவு ஒன்றரை, அல்லது பன்னிரண்டரை. வந்த மூன்றாம் நாளே அப்படி எழுப்பி மாமல்லபுரம் அழைத்துப் போனால் தூக்கக் கலக்கத்தோடுதான் கோயிலைப் பார்க்கும். ஜப்பானும் கொரியாவும் இதற்கு நேர்மாறு: நமக்கு 5 என்றால் அவர்களுக்கு 8.30. எழுப்பவே வேண்டாம், தானே எழுந்து உட்கார்ந்திருக்கும். ஆனால் ராத்திரி எட்டு மணிக்கே கண் சொருகும். அமெரிக்கக் கிழக்குக் கரைப் பிள்ளைகளுக்கு இரவும் பகலும் தலைகீழ், முதல் சில நாட்களுக்கு மதியத்துக்குப் பின் எதையும் நம்பி வைக்காதீர்கள். ஆகவே ஐரோப்பாவிலிருந்து வந்தவருக்கு மாலைத் திட்டம், கிழக்கிலிருந்து வந்தவருக்கு விடியல் திட்டம். இந்த ஒன்றைக் கவனித்தாலே பாதி முடிவு ஆகிவிடும்.

அடுத்தது கிழமை. திங்களன்று முதலைப் பண்ணை விடுமுறை, செவ்வாயன்று தட்சிணசித்ரா விடுமுறை, வெள்ளியன்று எழும்பூர் அருங்காட்சியகம் விடுமுறை. வாசல் வரை போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலை

மாமல்லபுரத்தைப் பற்றி யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஏழாம், எட்டாம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை, 1984 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. மூன்று திட்டங்களில் கண்ணுக்கு மிகப் பெரிய விருந்து இதுதான். நேரத்தைத் தவறவிட்டால் மிக மோசமாகக் கெடுவதும் இதுதான்.

திருவான்மியூரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். காலை 5.15க்குக் கிளம்பினால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். எட்டு மணிக்குக் கிளம்பினால் பத்து மணிக்கு மேல்தான் ரதங்களின் முன் நிற்பீர்கள். அங்கே மணலும் பாறையும்தான், நிழல் குறைவு. ஏப்ரல் முதல் ஜூன் வரை பதினொரு மணிக்கு அந்த மணல் செருப்பைத் தாண்டிச் சுடும். தொல்லியல் துறை வாசல் காலை 6 முதல் மாலை 6 வரை திறந்திருக்கும். ஜனவரியில் சூரியன் ஆறரை மணி வாக்கில்தான் எழும்பும் என்பதால் கடற்கரைக் கோயில் வளாகத்துக்குள் நின்றே உதயம் பார்க்கலாம். மே, ஜூனில் கதவு திறக்கும் முன்பே வெயில் வந்துவிடும். உதயம் வேண்டுமென்றால் பக்கத்து மணலில் நிற்க வேண்டியதுதான்.

டிக்கெட் விஷயத்தில் பலர் தேவையில்லாமல் பணம் விடுகிறார்கள். இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. ஆனால் சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு), பிம்ஸ்டெக் (வங்காள விரிகுடாக் கூட்டமைப்பு) நாட்டுக் குடிமக்களுக்கும் 40தான். இலங்கைக் கடவுச்சீட்டு, தாய்லாந்துக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் 600 கொடுக்க வேண்டியதில்லை. வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை உள்ளவருக்கும் இந்தியர் கட்டணமே. யாழ்ப்பாணத்து வேர் இருந்தாலும் கனடா கடவுச்சீட்டு மட்டும் என்றால் 600. பதினைந்து வயது நிறையாதவருக்குக் கட்டணமே இல்லை, வயதைக் காட்டக் கடவுச்சீட்டின் நகல் போதும். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் ஒரே டிக்கெட் என்பதால் முதல் வாசலில் அதைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வரிசை முக்கியம். முதலில் கடற்கரைக் கோயில். அடுத்து அர்ச்சுனன் தபசு. அந்தப் பாறை கிழக்கு நோக்கியது, காலை வெளிச்சத்தில்தான் யானையின் காலடியில் இருக்கும் குட்டிகள் துலங்கும். பிறகு குன்றின் மேல் வெண்ணெய்ப் பந்து. அதன் அடியில் இருக்கும் சரிவு தலைமுறை தலைமுறையாகச் சறுக்கி விளையாடி வழவழப்பானது, ரப்பர் அடி இல்லாத செருப்போடு ஏற வேண்டாம். ரதங்களுக்கு ஒன்பது மணிக்குள் வந்துவிட வேண்டும்.

ரதங்களில் மன்னர் பெயர்களை அடுக்க வேண்டாம். தர்மராஜ ரதத்தின் முன் நிறுத்தி ஒரே கேள்வி கேளுங்கள்: மேலே இவ்வளவு நுணுக்கம், கீழே ஏன் கரடுமுரடாக விட்டுவிட்டார்கள்? பதில் அந்தப் பாறையிலேயே இருக்கிறது. ஒற்றைக் கல்லை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கி இறங்கியிருக்கிறார்கள், சாரம் கட்டும் வேலை மிச்சம். வேலை பாதியில் நின்றபோது அடிப்பகுதி அப்படியே நின்றுபோனது. இதைத் தானே கண்டுபிடிக்கும் பிள்ளை அடுத்த ரதத்துக்கு ஓடும். கீழே எங்கெல்லாம் முடியவில்லை என்று தேடும். திரௌபதி ரதத்தின் கூரை ஓலைக் குடிசை மாதிரியே கல்லில் இருப்பதையும் அதுவாகவே கண்டுகொள்ளும்.

கைக்கு வேலை வேண்டுமென்றால் சிற்பப் பட்டறைகள். ஊருக்குள் தெருத்தெருவாக உளிச் சத்தம் கேட்கும். கேட்டுக்கொண்டால் மாவுக்கல் துண்டு ஒன்றில் உளி பிடிக்க விடுகிற சிற்பிகள் உண்டு, அதற்கு ஒரு தொகை பேசிக்கொள்வது மரியாதை. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: நகத்தால் கீறினால் வெள்ளையாகத் தூள் வந்தால் அது மாவுக்கல், கருங்கல் விலை கொடுக்கக் கூடாது. கனமான சிலை விமானப் பெட்டியின் எடையைத் தின்றுவிடும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாசலில் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் வழிகாட்டியிடம் சுற்றுலாத் துறை அடையாள அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். தொகையை முதலில் பேசுங்கள், கடைசியில் அல்ல.

இதே சாலையில் இன்னொரு வாய்ப்பும் உண்டு. கோவளத்தில் அலைச்சறுக்குப் பயிற்சி. பல பதின்வயதினருக்குக் கோயிலைவிட இதுதான் கதையாகும். ஆனால் இதுவும் விடியல் வேலை. ஆறு மணிக்குக் கோயில், ஆறரைக்கு அலை என்று இரண்டையும் ஒரே காலையில் கட்டினால் இரண்டும் அரைகுறை. அலை என்றால் காலையில் கோவளம், பத்து மணிக்குத் தட்சிணசித்ரா, நாலு மணிக்கு மாமல்லபுரம். தட்சிணசித்ரா 1996இல் திறந்தது. தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். திண்ணையும் நிழலும் இருப்பதால் உச்சி வெயிலுக்கு ஏற்ற இடம், குயவர் சக்கரத்தில் உட்காரவும் வாய்க்கும். அலைச்சறுக்குக்குப் பெற்றோரின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் கூட்டிப்போக வேண்டாம். பரிமாற்றத் திட்டத்தில் வந்தவர் என்றால் காப்பீடு இதற்குச் செல்லுமா என்று திட்டப் பொறுப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கடல் முரடாக இருக்கும், புதியவருக்கு அது காலமில்லை.

இந்தத் திட்டத்தின் பெரிய குறை கார். போக வர இரண்டரை மணி, ஞாயிறு மாலை என்றால் உத்தண்டி சுங்கச்சாவடிக்கு இந்தப் பக்கம் இன்னும் ஒரு மணி சேரும். முழு நாளும் பெரியவர் கையில்தான். சனி, ஞாயிறைத் தவிர்க்க முடிந்தால் தவிர்க்கலாம். முடியாவிட்டால் காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுங்கள்.

எழும்பூரிலிருந்து பாரிமுனை

இந்தத் திட்டத்தைப் பெரும்பாலான வீடுகளில் யாரும் சொல்வதே இல்லை. "அங்கே என்ன இருக்கு, நெரிசல்தானே" என்பார்கள். நம் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: பதினைந்து வயதைத் தாண்டிய, நடக்கச் சலிக்காத, கூட்டத்துக்குப் பயப்படாத விருந்தாளிக்கு மூன்றில் இதுதான் சிறந்தது. செலவும் குறைவு.

மதியம் ஒன்றரைக்கு எழும்பூர் அருங்காட்சியகத்தில் தொடங்குங்கள். 1851இல் தொடங்கியது. மாலை 5 வரை திறந்திருக்கும், இந்தியருக்கு 15 ரூபாய், வெளிநாட்டவருக்கு 250, கேமராவுக்குத் தனி. முழுவதையும் பார்க்க முயன்றால் பிள்ளை சோர்ந்துவிடும். செப்புத் திருமேனிக் கூடம், திமிங்கல எலும்புக்கூடு, இரண்டே போதும். திருமேனிக் கூடம் குளிரூட்டப்பட்டது என்பது மே மாதத்தில் சின்ன விஷயமில்லை. திருவாலங்காட்டு நடராசர் அங்கேதான் இருக்கிறார். அர்த்தநாரீசுவரர் முன்னால் ஒரு நிமிடம் பேசாமல் நில்லுங்கள், ஒரு பாதி ஆண், ஒரு பாதி பெண் என்பதை விருந்தாளியே சொல்லட்டும். மூன்றரைக்கு வெளியே வந்துவிடலாம்.

அங்கிருந்து எழும்பூர் நிலையம் நடக்கும் தூரம்தான். இங்கே பொறுப்பை விருந்தாளியிடம் கொடுங்கள். மின்சார ரயில் கவுன்ட்டரில் "பீச், மூணு" என்று சொல்லக் கற்றுக்கொடுத்துச் சில்லறையைக் கையில் கொடுங்கள். குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய்தான். எழும்பூர், பூங்கா, கோட்டை, கடற்கரை: மூன்றாவது நிறுத்தம். சாயங்காலக் கூட்டம் தாம்பரம் பக்கம் போகும், நீங்கள் எதிர்த்திசையில் போகிறீர்கள், இடம் கிடைக்கும். கதவோரம் நின்று காற்று வாங்க ஆசைப்படும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஓரடி உள்ளே நிற்கச் சொல்லுங்கள், போனைக் கையில் நீட்டிப் படம் எடுக்க வேண்டாம். விருந்தாளி பெண், கூட வருவது ஆண் என்றால் மகளிர் பெட்டி, பொதுப் பெட்டி என்று பிரிந்து ஏறிவிடாமல் நடைமேடையிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஞாயிறன்று ரயில்கள் குறைவு.

கடற்கரை நிலையத்துக்கு எதிரே ராஜாஜி சாலை ஓரமாக பர்மா பஜார். சுரங்கப்பாதையில் கடந்து போங்கள், சாலையில் இறங்க வேண்டாம். அங்கே எலக்ட்ரானிக்ஸ் சாமான் வாங்க வைக்காதீர்கள்; பார்ப்பதோடு சரி. அதற்குப் பின்னால் ஜார்ஜ் டவுன் தெருக்கள். இங்கே ஒரு தெருவுக்கு ஒரு சரக்கு: கோடவுன் தெருவில் துணி, ஆண்டர்சன் தெருவில் காகிதமும் நோட்டும் கல்யாணப் பத்திரிகையும், மின்ட் தெருப் பக்கம் பாத்திரம். முந்நூறு ரூபாயும் மூன்று பொருள் எழுதிய ஒரு சீட்டும் கொடுங்கள். பித்தளை டபரா செட் ஒன்று, மஞ்சள் மூலை வைத்த காலிக் கல்யாணப் பத்திரிகை பத்து, தன் தம்பிக்கோ தங்கைக்கோ ஒரு நோட்டு. பத்தடி பின்னால் நின்றுகொள்ளுங்கள். தமிழ் தெரியாமல், ஆங்கிலம் பாதி தெரிந்த கடைக்காரரிடம் விரலை மடக்கி விலை பேசி வாங்கி வரும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். பித்தளைக்குப் பணம் போதாது என்று கடைக்காரரே எவர்சில்வர் டபராவை எடுத்து நீட்டுவார், அதுவும் பாடம்தான். ஒன்று முக்கியம்: ஞாயிறன்று இந்த மொத்த வியாபாரக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். சனிக்கிழமைதான் சரி.

நேரம் இருந்து பகலிலேயே போக முடிந்தால் ஆர்மீனியன் தெருவில் 1772இல் எழும்பிய ஆர்மீனியத் தேவாலயம் இருக்கிறது. உலகின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகை 1794இல் வெளிவந்தது இந்தச் சென்னையில்தான், அதை நடத்திய பாதிரியாரின் கல்லறை அந்த முற்றத்தில் இருக்கிறது. மாலையில் போனால் பூட்டியிருக்கும்.

ஐந்தரை மணிக்கு அத்தோ. இரண்டாம் கடற்கரைச் சாலையில் தள்ளுவண்டிகள் அடுப்பைப் பற்றவைத்திருக்கும். 1960களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு இது. அகலமான அலுமினியப் பாத்திரத்தில் ஆரஞ்சு நிற நூடுல்ஸை ஒரு பிடி எடுத்துப் போட்டு, மேலே பச்சை முட்டைகோஸ் சீவல், வறுத்த வெங்காயம், பூண்டெண்ணெய், நொறுக்கிய பேஜோ (மொறுமொறுப்பான தட்டை), புளித்தண்ணீர், உப்பு, மிளகாய்த்தூள் என்று வரிசையாகத் தூவி, ஒரே கையால் ஐந்தாறு முறை புரட்டித் தட்டில் தள்ளுவார். கூடவே வாழைத்தண்டு சூப். காரம் வேண்டாமென்றால் அவர் மிளகாய்த்தூள் டப்பாவைத் தொடும் முன் "காரம் கம்மி" என்று சொல்லிவிட வேண்டும். கலந்த பிறகு சொல்லிப் பயனில்லை. வயிறு லேசானவர் என்றால் "கோஸ் வேண்டாம்" என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள், தொல்லை பெரும்பாலும் அந்தப் பச்சைக் காயிலிருந்துதான் வரும். மசாலா முட்டை எல்லோருக்கும் பிடிக்கும்: அவித்த முட்டையைக் கீறி வெங்காயமும் பூண்டெண்ணெயும் அடைத்துத் தருவது, ஒரே வாய்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வேர்க்கடலை ஒவ்வாமை வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் உயிருக்கே ஆபத்தாகும் விஷயம். நம் தெருக்கடைகளில் கடலை எண்ணெய், பொடித்த கடலை எதில் இருக்கிறது என்று கடைக்காரருக்கே சில சமயம் தெரியாது. அப்படி ஒவ்வாமை இருந்தால் தெருச் சாப்பாடு முழுவதையும் விட்டுவிடுங்கள், ஊசி மருந்து பையில் இருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள்.

பசி மிச்சமிருந்தால் சௌகார்பேட்டையில் முறுக்கு சாண்ட்விச். என்.எஸ்.சி. போஸ் சாலை வழியாக நடக்கலாம், ஏழு மணிக்கு மேல் தோளோடு தோள் உரசும் கூட்டம். பையை முன்பக்கம் மாட்டச் சொல்லுங்கள். திரும்ப உயர் நீதிமன்றம் நிலையத்தில் மெட்ரோ. தாம்பரம் பக்கம் போகிறவர்கள் கடற்கரை நிலையத்துக்கே திரும்பி ரயில் ஏறுவது மேல், ரயில் அங்கேயே புறப்படுவதால் உட்கார இடம் கிடைக்கும். அடுத்த நிறுத்தங்களில் ஏறினால் தாம்பரம் வரை நின்றுகொண்டுதான்.

மயிலாப்பூரும் பெசன்ட் நகரும்

இது அரை நாள் திட்டம். களைப்பாக வந்தவருக்கு, பன்னிரண்டு பதிமூன்று வயதுக்காரருக்கு, மழை மேகம் சூழ்ந்த நாளுக்கு ஏற்றது. கபாலீசுவரர் கோயில் மதியம் பன்னிரண்டரைக்கு நடை சாத்தி நாலு மணிக்குத் திறக்கும். நாலரைக்குப் போனால் மாட வீதியில் பூக்கடைகள் களைகட்டத் தொடங்கியிருக்கும். முழங்கால் தெரியும் கால்சட்டை வேண்டாம். கருவறைப் பகுதிக்குள் இந்துக்கள் மட்டும் என்ற அறிவிப்பு இருக்கும். இதை வீட்டிலேயே சொல்லிவிட்டால் பிரகாரம் மட்டும் சுற்றி வருவதில் வருத்தமில்லை. உள்ளே நிறுத்தித் திருப்பி அனுப்பினால்தான் முகம் வாடும்.

குறை என்னவென்றால் பெரும்பாலும் பார்ப்பது மட்டும்தான். அதைச் சரிக்கட்ட வழி காபி. டபராவையும் டம்ளரையும் கொடுத்து ஆற்றச் சொல்லுங்கள், முதல் தடவை பாதி மேசையில் சிந்தும். மார்கழியில் வந்தவர் என்றால் விடியலில் மாட வீதிக் கோலங்களையும், சபா கேன்டீன் சாப்பாட்டையும் விடாதீர்கள். கச்சேரி முழுவதும் உட்கார வைப்பது தண்டனை, அரை மணி நேரம் போதும். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைகளால் லஸ் பக்கம் ஒருவழிப் பாதைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, காரில் போகாமல் பறக்கும் ரயிலில் திருமயிலையில் இறங்குங்கள். பிறகு ஆட்டோவில் பெசன்ட் நகர் கடற்கரை. கால் நனைக்கலாம், நீந்தக் கூடாது. நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளைகளுக்குத்தான் இங்கே ஆபத்து. குளத்தில் பழகியவர்களுக்கு அடியோட்டம் தெரியாது. மெரினாவுக்கும் இதேதான்.

மால்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவர்கள் ஊரில் இதைவிடப் பெரிது இருக்கும். இரண்டு மணி நேரம் ஏசியில் ஓய்வெடுக்க மட்டும் போகலாம். அங்கே ஒரு தமிழ்ப் படம் என்றால் கதை வேறு, விசிலும் கைதட்டலும் வேறெங்கும் கிடைக்காது. ஆங்கில வசனவரிகள் உள்ள காட்சியா என்றும், 'ஏ' சான்றிதழ் இல்லையே என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கதீட்ரல் சாலை கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவில் கம்பியில் தொங்கிப் பறக்கும் ஜிப்லைன் உண்டு. பராமரிப்புக்காக நிறுத்தியிருக்கலாம் என்பதால் அன்று காலை விசாரித்துவிட்டுப் போங்கள்.

எந்தத் திட்டமானாலும் பணமும் போனும் ஒரே தலைவலிதான். வெளிநாட்டிலிருந்து ஈசிம் போட்டு வந்தால் இணையம் வரும், இந்திய எண் வராது. எண் இல்லாமல் ஓடிபி வராது, ஓடிபி இல்லாமல் பாதி செயலிகள் வேலை செய்யாது. தள்ளுவண்டிக்காரர் வெளிநாட்டு வங்கிக் கார்டை வாங்கமாட்டார், ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கண்டாலும் முகம் சுளிப்பார். பத்தும் இருபதும் ஐம்பதுமாக ஐந்நூறு ரூபாய் மாற்றிக் கையில் கொடுங்கள். வீட்டு முகவரியையும் உங்கள் எண்ணையும் தமிழில் ஓர் அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் ஆட்டோக்காரரிடம் அதை நீட்டினால் போதும். தண்ணீர் சீல் உடையாத பாட்டில் மட்டும், இல்லாவிட்டால் கண்ணெதிரே சீவிய இளநீர். கரும்புச்சாறு குடிக்கலாம், ஐஸ் வேண்டாம். இருசக்கர வண்டியில் பின்னால் உட்கார வைத்தால் தலைக்கவசம் கட்டாயம். வண்டியை ஓட்டக் கொடுக்கவே கூடாது, ரோட்டரி பரிமாற்றத் திட்டத்தில் வந்தவர் வண்டி ஓட்டியது தெரிந்தால் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடலாம்.

மூன்றையும் நீங்களே முடிவு செய்துவிடாமல், முந்தின நாள் இரவு விருந்தாளியின் போனுக்கு மூன்று படங்கள் அனுப்புங்கள்: ஒரு ரதம், ஒரு அத்தோ வண்டி, ஒரு கோபுரம். கூடவே ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்பதையும் எழுதுங்கள். ரதத்தின் கீழே 4.30 என்பதைப் பார்த்த பிறகும் அதையே தேர்ந்தெடுத்தால், அலாரம் வைக்கும் வேலையும் விருந்தாளியுடையதே.